அபாயம் யாருக்கு?

நுவரெலியா மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிலே தமிழ் கற்பிப்பவன் நான். ஆண்டுதோறும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியான சில நாட்களில், பழகிய முகங்கள் சிலவற்றை ஹட்டன் பஸ் நிலையத்தில் காண்கிறேன். தோளிலே ஒரு பை. கொழும்புக்கு ஒரு பயணச்சீட்டு. தீபாவளிக்குப் புதுச்சட்டையோடு திரும்பி வரும்போது, “என்ன செய்கிறாய், தம்பி?” என்று கேட்டால், “கடையில் நிற்கிறேன், சேர்” என்பதே விடை. அச்சொல்லில் எவ்வளவு உண்மை! பத்தாண்டு கழிந்தாலும் அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

இத்தகையோரை ‘அபாய நிலையிலுள்ள இளைஞர்’ என்று திட்ட அறிக்கைகள் குறிப்பிடுவதுண்டு. இத்தொடரை இருவகையாகப் பொருள் கொள்ளலாம். அபாயத்துக்கு உள்ளானவர் என்பது ஒன்று. அபாயத்தை விளைவிக்கக் கூடியவர் என்பது மற்றொன்று. தொழிற்பயிற்சிக்கென நம் அரசாங்கங்கள் செலவிட்ட பணம் இவ்விரண்டில் எந்தப் பொருளைத் தொடர்ந்து சென்றது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

ஆண்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1971 ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர் ஆயுதம் ஏந்தினர். அதே ஆண்டில் 49ஆம் இலக்கச் சட்டம் தொழில் பழகுநர் பயிற்சிக்கு ஒரு சபையை அமைத்தது. 1987 முதல் 1989 வரை மீண்டும் இரத்தம் ஓடியது. 1990இல் இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மூன்றாம் நிலை, தொழிற்கல்விச் சட்டமும் பிறந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபின், ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கும் தொழிற்பயிற்சி இடம்பெற்றது. இவை பிழையென்று நான் கூறவில்லை. அந்த இளைஞருக்கு அவை உரியவையே. ஆயினும் அரசு அஞ்சிய பிறகே அதன் கை தாராளமாக நீண்டது என்ற எண்ணத்தை இந்த ஆண்டுகள் எழுப்புகின்றன அல்லவா?

மலையகத்து இளைஞனைக் கண்டு எவரும் அப்படி அஞ்சியதில்லை. அவனுடைய வரலாறே வேறு. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை கற்பித்தால் போதுமென எல்லை வகுத்தது. பத்து வயதுக்குப் பின் கொழுந்துக்கூடை இருக்கிறதே! 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவனுடைய பாட்டனை நாடற்றவனாக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் கணக்கு முற்றாகத் தீரவில்லை. 1971இல் பழகுநர் சபை அமைந்த காலத்தில், லயத்திலே பிறந்த இளைஞர் பலர் இந்நாட்டின் பிரஜைகளாகவே கருதப்படவில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இன்று நிலைமை மாறவில்லையா என்று நண்பர்கள் கேட்கக் கூடும். மாறியிருக்கிறது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகார சபை தோன்றியது. ஹட்டனிலே தொண்டமான் பெயரால் ஒரு பயிற்சி நிலையம் உண்டு. அதற்கு இந்திய உதவியும் கிடைத்தது. 2014இல் உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் திறன்விருத்திக்குப் பெருந்தொகை கடன் வழங்கின. “நிலையங்கள் இருக்கின்றன, உங்கள் பிள்ளைகள்தாம் வருவதில்லை” என்ற குற்றச்சாட்டும் இதனாலேயே எழுகிறது.

ஏன் வருவதில்லை? எளிய கணக்கொன்று போடுவோம். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2024இல் 1,350 ஆயிற்று. அந்த 1,350 ரூபாயின்படி மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750 ரூபாய். ஆறு மாதப் பயிற்சிக்குச் செல்லும் இளைஞன் விட்டுக்கொடுப்பது 2,02,500 ரூபாய். பஸ் கட்டணமும் பகற்சாப்பாடும் தனி. கட்டணமில்லாப் பயிற்சியின் உண்மையான கட்டணம் இதுதான். கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்கிய திட்டக்காரர், அக்கருவியின் முன் உட்கார வேண்டியவனின் வயிற்றை முழுமையாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1964இல் அமெரிக்கா வறிய இளைஞருக்காகத் தொடங்கிய ‘ஜொப் கோர்ப்ஸ்’ திட்டத்தில் உணவும் உறைவிடமும் கைச்செலவும் பயிற்சியின் பகுதிகளாகவே அமைந்தன. முதலாளித்துவ நாடொன்றுக்குப் புரிந்த இவ்வுண்மை நமக்குப் புரியாமற்போக வேண்டியதில்லை.

வயிற்றை வென்று வருபவனுக்கும் வாசலில் இரு தடைகள் உண்டு. பல பாடநெறிகள் சாதாரண தரச் சித்தியைக் கேட்கின்றன. பரீட்சையில் தோற்றவனுக்கென்று கூறப்படும் மருந்து, பரீட்சையில் வென்றவனுக்கே கொடுக்கப்படுகிறது! அடுத்தது மொழி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் மின்னிணைப்பையோ மோட்டார்ப் பொறியையோ தமிழில் கற்பிக்கக் கூடிய போதனாசிரியரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தென்னிலங்கை இளைஞர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்றனர். நம் பிள்ளைக்கோ வாள்கள் இரண்டு.

இவற்றுக்கு வழி இல்லாமலில்லை. தேசிய தொழிற்தகைமை முறையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு ஏலவே உண்டு. வகுப்புக்குச் செல்லாமல் வேலையிலேயே கைத்தொழில் கற்றவன், செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். கொழும்பில் கல்லடுக்கிக் கட்டும் மேசனும், தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவனும் பெற வேண்டிய சான்றிதழ் அது. மதிப்பீட்டாளர்கள் தோட்டங்களுக்கே வந்து தமிழிலே பரிசோதிக்கட்டும். பயிற்சிக்கால உதவித்தொகை தோட்ட நாட்சம்பளத்தோடு இணைந்து உயரட்டும். எத்தனை சான்றிதழ்கள் வழங்கினோம் என்று மட்டும் எண்ணாது, சாதாரண தரத்தில் தவறியவர் எத்தனை பேர் பயின்று வேலை பெற்றனர் என்பதையும் எண்ணட்டும்.

ஆசிரியராகிய நாமும் குற்றமற்றவரல்லர். சித்தியடைந்தோரின் பெயர்களைப் பலகையில் எழுதி மகிழ்கிறோம். தவறியவன் எந்தப் பஸ்ஸில் ஏறினான் என்று விசாரிப்பதில்லை. மாணவன் பாடசாலையை விட்டுச் செல்லும் நாளிலேயே அவனைப் பயிற்சி நிலையத்தோடு இணைக்கும் பொறுப்பை நாம் ஏற்காதவரை, அரசைக் கண்டிக்க நமக்குப் பாதி உரிமைதான் உண்டு.

தோட்டத்திலே ஒரு வழக்கம் உண்டு. குறித்த இறாத்தலுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். மழையோ, அட்டையோ, காய்ச்சலோ, காரணம் எதுவாயினும் தராசு கேட்பதில்லை. அந்தத் தராசில் மக்களின் பணத்தால் நடக்கும் தொழிற்பயிற்சித் திட்டங்களையும் ஒருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும். கட்டடம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, கடையில் நிற்பவன் மட்டும் அங்கே இல்லை என்றால், அந்தத் திட்டத்துக்கும் நாம் போடக் கூடியது அரைப்பேர்தான்.