அகழிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

டெக்னாலஜி பங்குகளைப் பற்றிப் பேசுகிற எந்த வீடியோவைத் திறந்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் 'மோட்' வந்துவிடும். கோட்டையைச் சுற்றி வெட்டுகிற அகழி. வாரன் பஃபெட் பிரபலப்படுத்திய சொல். கம்பெனிக்கு அகழி இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் விடு என்பார்கள். எனக்கு மணியாச்சிப் பக்கம். கரிசல்காட்டுக்காரனுக்கு உடனே வருகிற சந்தேகம், வெட்டுவது சரி, தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு வருஷம் பெருகிக் கிடப்பதை வைத்து எங்கள் பக்கம் யாரும் கண்மாயை எடைபோடுவதில்லை. வரத்துக்கால் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மேலே யாராவது மறித்துவிட முடியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

இந்த விஷயத்தில் உருப்படியாக எழுதியவர் ஹாமில்டன் ஹெல்மர். 2016-ல் வந்த அவருடைய 'செவன் பவர்ஸ்' புத்தகம், நிலைத்து நிற்கும் பலங்களை ஏழாகப் பிரிக்கிறது: உற்பத்தி அளவு, நெட்வொர்க், பழைய கம்பெனி நகலெடுக்கத் தயங்கும் புது வியாபார முறை, மாறுவதற்கு ஆகும் செலவு, பிராண்ட், கையில் மட்டும் உள்ள வளம், வேலைமுறை. எதுவானாலும் இரண்டு அம்சம் வேண்டும் என்கிறார். ஒன்று நன்மை, இன்னொன்று, அந்த நன்மையை அடுத்தவன் பறிக்க முடியாத தடை. நல்ல தொழில்நுட்பம் நன்மை மட்டும்தான், அதுவே தடை ஆகாது. பாதி பங்கு ஆலோசனைகள் இந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகும்.

என் குறை வேறு. தடை இருக்கிறதா என்று அவர் கேட்கிறார். அந்தத் தடை யாருடையது என்பது அவரிடம் தனிக் கேள்வியாக இல்லை. சட்டம் தருகிற பாதுகாப்பையும் 'கையில் மட்டும் உள்ள வளம்' என்ற தலைப்பில் சேர்த்துவிடுகிறார். கோவில்பட்டித் தீப்பெட்டியை வைத்துப் பார்த்தால் அது போதாது என்று தெரியும்.

விம்கோவை ஸ்வீடிஷ் மேட்ச் 1923-ல் தொடங்கியது. உலகத்தரமான மெஷின், பெரிய ஆலைகள். அன்றைய கணக்கில் அதுதான் டெக்னாலஜி கம்பெனி. இங்கே கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசியில் இருந்தது கையும் குச்சியும்தான். ஆனாலும் நாட்டின் தீப்பெட்டியில் பெரும்பகுதி இங்கிருந்தே போனது. மலிவான கூலியும் வறண்ட வானிலையும் காரணம் என்பார்கள், உண்மைதான். அதைவிட உறுதியான தடை கலால் வரியில் இருந்தது. மெஷின் ஆலைக்கு அதிக வரி, கையால் செய்கிற சிறு ஆலைக்குக் குறைந்த வரி. 2005-ல் ஸ்வீடிஷ் மேட்ச் விம்கோவை ஐடிசிக்கு விற்றுவிட்டுப் போனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதும் கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மெஷினுக்கு 18 என்று இடைவெளி இருந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 ஆனது. டெல்லியில் ஒரு கூட்டம் முடிந்தது, அகழி தூர்ந்தது. அதோடு வந்தது சீன லைட்டர். தீப்பெட்டிக்காரனைத் தடுக்கிற எந்தத் தடையும் லைட்டரைத் தடுக்காது. 2023-ல் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. அதுவும் டெல்லி கொடுத்ததுதான்.

இதே கண்ணோடு பணம் அனுப்புகிற ஆப்களைப் பாருங்கள். கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடைகளில்கூட இரண்டு மூன்று க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எந்த ஆப்பிலிருந்தும் எதை ஸ்கேன் செய்தாலும் பணம் போகும். நெட்வொர்க் பலம் நிஜம், ஆனால் அது 2016-ல் யூபிஐயைக் கொண்டுவந்த என்பிசிஐயிடம் இருக்கிறது. போன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து சுமார் 80 சதவீதப் பரிவர்த்தனையை வைத்திருக்கின்றன. ஆனால் 2020 ஜனவரியிலிருந்து யூபிஐயில் வியாபாரிக் கட்டணம் பூஜ்யம். எந்த ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியும் அறிவிக்கப்பட்டு, கெடு 2026 டிசம்பர் வரை தள்ளிப்போயிருக்கிறது. கெடுவைத் தள்ளுகிறவர் கையில்தான் மடை.

பேடிஎம் 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்குப் பங்கு விற்றது. முதல் நாளே 27 சதவீதம் இறக்கம். 2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மீது கட்டுப்பாடு போட்டது; அடுத்த இரண்டு நாளும் பங்கு தலா 20 சதவீதம் விழுந்தது. பிறகு வேறு வங்கிகளைப் பிடித்து ஆப் தொடர்ந்து ஓடியது, 2025-ல் லாபமும் காட்டியது. ஆக, கம்பெனி பிழைப்பது வேறு, அதற்கு அகழி இருப்பது வேறு.

எதிர் உதாரணமாக டாலியைச் சொல்வேன். 1986-ல் தொடங்கிய பெங்களூரு கம்பெனி. எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுத ஆள் தேடினால் போர்டில் என்ன எழுதுவார்கள்? 'டாலி தெரிந்தவர் தேவை'. கம்ப்யூட்டர் சென்டர்கள் காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லித்தருகின்றன. இந்தத் தடை கணக்கெழுதுகிறவர்களின் விரலில் இருக்கிறது. சுற்றறிக்கை போட்டு அதை அழிக்க முடியாது. சாஃப்ட்வேர் வேலையில் இருபது வருஷமாக டேட்டா மைக்ரேஷன் பார்க்கிறேன். டேட்டாவை நகர்த்துவது சுலபம், பழக்கத்தை நகர்த்துவதுதான் பாடு. 2019-ல் ஜிஎஸ்டிஎன் சிறு வியாபாரிகளுக்கு இலவசக் கணக்கு மென்பொருள் கொடுத்தது. டாலி அசையவில்லை. தீப்பெட்டியைச் சாய்த்த ஜிஎஸ்டி டாலிக்கு உரம். விதி மாற மாற, அப்டேட் வாங்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

அதனால் ஹெல்மரின் ஏழோடு நான் மூன்று கேள்வி சேர்த்துக்கொள்கிறேன். தடையைக் கட்டியது யார்? அதை ஒரே கையெழுத்தில் எடுக்க முடியுமா? பண்டத்தின் தேவையே போய்விட்டால் தடை எதைக் காக்கும்? மூன்றாவது கேள்வி டாலியையும் விடாது. பில்லைப் படித்துக் கணக்கைத் தானே எழுதுகிற மென்பொருள் வந்தால், விரலுக்கு வேலையில்லாமல் போகலாம்.

இந்தச் சல்லடை கறாரானது. உரிமம், ஒதுக்கீடு, வரிச்சலுகை என்று நிற்கிற எத்தனையோ கம்பெனிகள் பல வருஷம் நல்ல லாபம் தந்திருக்கின்றன. அதையெல்லாம் இது கழித்துவிடும். அப்படிப்பட்ட பங்கை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு நிரந்தர அகழியின் விலை கொடுக்காதீர்கள், குத்தகைக்கு எடுத்த நிலத்தின் விலை கொடுங்கள். குத்தகை எப்போது முடியும் என்பதையும் குறித்து வையுங்கள். இதில் ஒரு சங்கடமும் உண்டு. சல்லடையில் இப்போதைக்குத் தேறுகிற டாலி பங்குச் சந்தையில் இல்லை. நாம் விரும்பினாலும் வாங்க முடியாது.