தம்பூரா இல்லாத வயலின்

ரமணாசிரமம் பகுதியில் இசைத்தட்டுகளுக்கு ஒரு விசேஷ கதி நேர்கிறது. எந்தத் தேசத்து ஸங்கீதமானாலும், மலை தெரியும் ஜன்னலோரம் ஒலித்ததும் அது 'தியான இசை' ஆகிவிடுகிறது. பாஹின் தனி வயலின் படைப்புகளும் தப்பவில்லை. கருவி ஒன்றே ஒன்று. கேட்பவர் கண்ணை மூடுகிறார். மோனம் கிட்டிவிட்டதாக எண்ணுகிறார். யெஹூதி மெனூஹின் 1934-36இல் செய்த பதிவைக் கவனமாகக் கேட்டால் இந்த எண்ணம் நிலைக்காது. அந்த ஆறு படைப்புகளும் முழுமையாகத் தட்டில் ஏறியது அப்போதுதான் முதல்முறை.

1720 தேதியிட்ட தன் கையெழுத்துப் பிரதியின் தலைப்பிலேயே 'பாஸ் துணையின்றி' என்று பாஹ் குறித்திருக்கிறார். அக்கால ஐரோப்பிய வயலினுக்கு அடியில் ஒரு கீழ்ஸ்தாயிக் கருவி ஓடிக்கொண்டிருப்பது வழக்கம். அதை விலக்கிவிட்டு, அதன் வேலையையும் நாலு தந்திகளிடமே ஒப்படைக்கிறார். ஒரு வில்லால் நாலு தந்திகளையும் சேர்த்துப் பிடித்து நிறுத்த முடியாது. கீழ் ஸ்வரம் தொட்டவுடன் கைவிடப்படுகிறது. ஒலி போனபின் அதை வைத்துக்கொண்டிருக்க வேண்டியது கேட்பவன் காது.

நமக்கு இது பழக்கமில்லாத உழைப்பு. கர்நாடக ஸங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் பாலுஸ்வாமி தீக்ஷிதர், இந்த ஊர் அக்னி லிங்கத்தின்மேல் ஸாரங்க ராகத்தில் கிருதி செய்த முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி. இங்கு வந்த வயலின் தரையில் உட்கார்ந்தது, சுருதியை மாற்றிக்கொண்டது, குரலைத் தொடரக் கற்றது. ஆலாபனை எவ்வளவு தூரம் போனாலும் தம்பூராவில் ஷட்ஜமம் இருக்கிறது. காலடியில் நிலம் இருக்கிறது. பாஹிடம் நிலத்தை நடந்துகொண்டே போட வேண்டும்.

இரண்டாவது பார்ட்டிட்டாவின் கடைசி அங்கமான ஷாக்கோன், அடிப்படையில் ஒரு நடன வடிவம். நாலு ஆவர்த்தம் கொண்ட ஒரு பாஸ் இழை உருமாறி உருமாறித் திரும்ப வருகிறது. டி மைனரில் தொடங்கி, நடுவே மேஜருக்குப் போய், மைனருக்கே மீள்கிறது. பிற்காலத்தில் மெண்டல்ஸோனும் ஷூமானும் இதற்குப் பியானோ பக்கவாத்தியம் எழுதிச் சேர்த்தார்கள். அந்த வெற்றிடம் அவர்களுக்குப் பொறுக்கவில்லை போலும். தியானிப்பவர் செய்வதும் அதுவே. தனக்கு வேண்டிய தம்பூராவை மனசுக்குள் மீட்டி வெற்றிடத்தை அடைத்துவிடுகிறார்.

மெனூஹின் அடைக்கவில்லை. பதிவு தொடங்கியபோது வயது 18. சில இடங்களில் உணர்ச்சி வழிகிறது. ஆனால் தந்தி தந்தியாக ஏறும் வில்லின் சிரமத்தை அவர் மறைக்கவில்லை. 1952இல் இந்தியா வந்து பி. கே. எஸ். ஐயங்காரிடம் யோகம் பயின்ற மெனூஹினை இந்தத் தட்டில் முன்தேதியிட்டுத் தேட வேண்டாம். இங்கே கேட்பது ஒரு இளைஞனின் பிரயாசை.

அன்றைய தட்டின் ஒரு பக்கம் நாலைந்து நிமிஷமே கொள்ளும். கால்மணி நேரத்தை ஒட்டிய ஷாக்கோன் துண்டு துண்டாகத்தான் வீடுகளுக்குப் போனது. தட்டைத் திருப்பும் இடைவெளியில் பாஸ் இழையை ஞாபகத்தில் பிடித்திருந்தவனுக்கே அடுத்த பக்கம் அர்த்தப்பட்டிருக்கும். மறுபதிப்புகள் வெட்டுகளை ஒட்டிவிட்டன. காதின் வேலை குறைந்துவிடவில்லை.

கண்ணை மூடிக்கொள்வதில் ஆட்சேபணையில்லை. நாலு ஆவர்த்தத்துக்கு ஒருமுறை அடியில் திரும்புவது எது என்று கணக்கு வைத்துக்கொண்டால் சரி.