தேடுங் கதையும் காத்திருக்குங் கதையும்

ஒரு வீட்டிலிருந்து குழந்தையொன்று மறைந்துவிடுகின்றது. விளக்கேற்றும் வேளையில் முற்றத்தில் நின்ற பிள்ளை, உணவுக்கு அழைக்கும் வேளையில் இல்லை. மர்ம நாவலாசிரியனுக்கு இவ்வொரு நிகழ்ச்சியே போதிய முதலாகும். பிள்ளை எங்கே? உயிரோடு உளதா? கொண்டுபோனவர் யாவர்? இம்மூன்று வினாக்களும் வாசகனைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்லும். ஆயின், இவ்வினாக்களால் அலைக்கழிக்கப்படுபவன் வாசகன் மட்டுமல்லன். கதைக்குள்ளே ஒரு குடும்பமும் இருக்கின்றது. வாசகன் சில மணி நேரத்தில் விடைபெற்று எழுந்துவிடுவான். விடை கிட்டாத நாட்களில் அக்குடும்பம் எவ்வாறு உண்டது, எவ்வாறு உறங்கியது? இத்தகைய நாவலொன்றின் தரம், அந்நாட்களுக்கு அது எவ்வளவு இடங் கொடுக்கின்றது என்பதைக் கொண்டே மதிக்கப்படல் வேண்டும்.

தமிழிலக்கியத்தில் இவ்வினா புதியதன்று. உடன்போக்கிற் சென்ற மகளை இழந்த வீட்டைச் சங்கச் சான்றோர் இரு தாயர் வாயிலாகக் காட்டினர். செவிலி பாலை வழியே சென்று, எதிர்ப்படுவோரை எல்லாம் வினவுகின்றாள், அடிச்சுவட்டை நோக்குகின்றாள். நற்றாயோ வீட்டிலேயே தங்குகின்றாள். மகள் ஆடிய பந்தும் பாவையும், அவள் விளையாடிய நொச்சி நிழலும் அவள் கண்ணிற் படுகின்றன. ஒருத்தி தேடுகின்றாள், மற்றொருத்தி காத்திருக்கின்றாள். இருவர் துயரும் ஒரே இழப்பின் இரு முகங்களாம். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்குரிய நான்கு நிலைக்களன்களுள் இழவினையும் ஒன்றாக வைத்தார். எனினும், போனவள் எங்கோ வாழ்கின்றாள் என்னும் நம்பிக்கை அகப்பாடலில் உண்டு. காணாமற் போன குழந்தையின் வீட்டிலோ அந்நம்பிக்கையும் அச்சமும் நாள்தோறும் மாறி மாறி எழும். எனவே அழுகைக்குத் துணையாக அச்சமும் மருட்கையும் ஆங்கே வந்து கூடுகின்றன.

காப்பியங்களுள் இப்பொருளை முழுமையாகத் தொட்டது மணிமேகலை. சோழன் நெடுமுடிக்கிள்ளி நாகநாட்டு மங்கை பீலிவளையிடம் பெற்ற மகனை, அவள் மணிபல்லவத்திலே கம்பளச் செட்டியின் கலத்தில் ஏற்றித் தந்தையிடம் அனுப்புகின்றாள். அக்கலம் இரவிற் கவிழ்கின்றது. உய்ந்தோர் சொல்லக் கேட்ட அரசன் கரையெங்கும் மகனைத் தேடித் திரிகின்றான். தேடலில் ஆழ்ந்தமையால் இந்திரவிழாவை மறக்கின்றான். விழா மறந்த குற்றத்தாற் புகார் நகரைக் கடல் கொள்கின்றது. மணிபல்லவத்தை நயினாதீவென அறிஞர் பலர் கொள்வராதலின், இக்கதை ஈழத்துக் கடலோடும் தொடர்புடையது. சாத்தனார் அக்குழந்தையின் பின்னே செல்லவில்லை. திரைக்கு அப்பால் அது என்னவாயிற்று என்பதைக் கூறாது, ஒரு தந்தையின் நெஞ்சு தடுமாறியபோது ஒரு நகரம் தன் முறைமையை இழந்ததையே கூறினார். ஒரு பிள்ளையின் இழப்பு வீட்டைக் கடந்து ஊரையும் அழிக்கவல்லது என்னும் உண்மை ஈண்டு பெறப்படுகின்றது.

ஈழத்து நாவலின் பிறப்பும் ஒரு குழந்தையின் மறைவோடு இணைந்துள்ளமை வியத்தற்குரியது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞரும் 'முஸ்லிம் நேசன்' ஆசிரியருமான சித்திலெப்பை 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனப் போற்றப்படுவது. எகிப்து நாட்டு உயர்குடியிற் பிறந்த அசன் குழந்தைப் பருவத்திலேயே களவாடப்படுகின்றான். பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா சென்று, இடையூறு பல கடந்து, முடிவிற் பெற்றோரை அடைந்து 'பே' என்னும் பட்டமும் பெறுகின்றான். அதன்பின் 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். இது ஐரோப்பியப் பழங்கதையொன்றின் வழிவந்தது. பழி சுமத்தப்பட்டு நாடு கடத்தப்பெற்ற அரசி காட்டில் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகின்றாள். ஒன்றைக் கரடி கவர்ந்து செல்ல, அதனைத் தொடர்ந்து தாய் ஓடுகின்றாள். அவள் மீளுமுன் மற்றொன்றும் வேறொருவர் கையிற் சேர்ந்துவிடுகின்றது.

இவ்விரு நூல்களின் வரலாற்றுச் சிறப்பு மறுக்கற்பாலதன்று. சித்திலெப்பையின் நூலில் ஒரு சமூகத்தைக் கல்வியாலும் ஒழுக்கத்தாலும் உயர்த்த விழைந்த உள்ளம் தெளிவாகப் புலப்படுகின்றது. ஆயின், இரண்டும் ஒரே பாதையிற் செல்வன. பிள்ளை களவுபோன கணத்திலிருந்து கதை பிள்ளையோடு போய்விடுகின்றது. அசன் வாழ்கின்றான் என்பதை வாசகன் அறிவான்; அவன் பெற்றோர் அறியார். வாசகனுக்குரிய வினா, 'எவ்வாறு மீள்வான்?' என்பது; பெற்றோர்க்குரிய வினா, 'இருக்கின்றானா?' என்பது. முன்னையது ஆவலைத் தருவது. பின்னையது உயிரை வதைப்பது. கெய்ரோவில் அத்தாய் கழித்த ஆண்டுகள் கதையில் எழுதப்படாத பக்கங்களாகவே நிற்கின்றன. கரடியின் பின்னே ஓடித் திரும்பி, வெறுந்தரையைக் கண்ட தாயின் ஒரு கணம் ஒரு பெருநாவலைத் தாங்கவல்லது. கதையோ பிள்ளைகளின் வீரச் செயல்களை நோக்கி விரைகின்றது.

மேலைநாட்டுத் துப்பறியுங் கதையும் இக்குறையினின்று நீங்கியதன்று. கொனன் டொயில் 1904இல் வெளியிட்ட சேர்லக் ஹோம்ஸ் கதையொன்றில், பத்து வயதுச் சிறுவன் விடுதிப் பாடசாலையிலிருந்து மறைகின்றான். தந்தை பெருங்கோமகன். சூழ்ச்சி செய்தவன் வேற்றாளல்லன். அக்கோமகனின் முறைசாரா மைந்தனே செயலாளனாக அவன் இல்லத்தில் இருந்து அதனைச் செய்தான். விடையைக் குடும்பத்துக்கு உள்ளேயே வைத்தது இக்கதையின் திறம். பின்வந்த மர்ம நாவலாசிரியர் பலர் இவ்வழியைப் பின்பற்றினர். ஆனாற் கணவனைப் பிரிந்து வேற்று நாட்டிலிருந்த அச்சிறுவனின் தாய் கதையில் ஒருமுறையேனும் தோன்றுகின்றாளல்லள். செவிலியின் தேடல் துப்பறிவாளனிடஞ் சென்று கலையாய் முதிர்ந்தது. நற்றாயின் காத்திருத்தல் கைவிடப்பட்டது.

கைவிடப்பட்ட அப்பொருள் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வரலாறாகக் கிடக்கின்றது. கல்முனைப் பகுதி தொட்டு வடக்கே நீண்டு கிடக்கும் அவ்வாவி நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. 1990ஆம் ஆண்டு செத்தெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளவில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் வீடு திரும்பவில்லை. மறுபுறத்தில், விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்க்கப்பட்ட சிறுவரைத் தேடி அவர்தம் பெற்றோர் முகாம்களின் வாயிலிற் காத்து நின்றனர். 2004 ஏப்பிரலில் அவ்வியக்கத்தின் கிழக்குப் பிரிவு கலைந்தபோது சிறுவர் பலர் மீண்டனர், மீளாதோரும் உளர். அவ்வாண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து கரையோர ஊர்களை விழுங்கியது. கையைப் பிடித்து ஓடியவர் கையிலிருந்தே பிள்ளைகள் நழுவிப் போயினர். ஒரே ஊரில், அடுத்தடுத்த வீடுகளில், மூவகை மறைவும் நேர்ந்தமை இப்பகுதியின் கொடுமையாம்.

இவ்வரலாறு மொழியையும் மாற்றிற்று. முன்னாளில் 'காணாமற் போனார்' என்றே வழங்கினர். அது தன்வினை, போனவரே போயினர் என்பது போன்ற பொருளைத் தருவது. பின்னர், 'வலிந்து காணாமலாக்கப்பட்டார்' என்னும் தொடர் எழுந்தது. அது செயப்பாட்டுவினை, ஆக்கியவர் ஒருவர் உளர் என்பதைக் கூறி, அவர் யாரென்பதைக் கூறாது நிற்பது. மர்ம நாவல் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தின் விரிவே எனலாம். மறைந்து நிற்கும் கருத்தாவைக் கண்டு வெளிப்படுத்தும் நாளில் நாவல் முடிகின்றது. வாவிக்கரைத் தாயரின் வாக்கியமோ கருத்தா இன்றியே ஆண்டுகள் பலவாக முற்றுப்பெறாது நிற்கின்றது. இறந்தார் என்றோ வாழ்கின்றார் என்றோ கூறாது, காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழொன்றை 2016ஆம் ஆண்டில் இலங்கைச் சட்டம் ஏற்படுத்தியது. இரண்டுங்கெட்ட அந்நிலையைச் சட்டமே ஏற்றுக்கொண்டபின், இலக்கியம் அதனை ஏலாதிருத்தல் பொருந்தாது.

விடையை விரும்பும் மனம் உண்மையை எவ்வாறு திரிக்கும் என்பதற்குக் கல்முனையில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். கடற்கோளின்போது மீட்கப்பட்ட சில மாதக் குழந்தையொன்று மருத்துவமனையில் 81ஆம் இலக்கமாகப் பதியப்பெற்றது. ஒன்பது தாயர் அக்குழந்தையைத் தமதெனக் கோரினர் என்னும் செய்தி உலகெங்கும் பரவிற்று. 2005 பெப்ருவரியில் மரபணுச் சோதனை உண்மைப் பெற்றோரைக் காட்டியது. நீதிமன்றின் முன் முறையாக உரிமை கோரி நின்றவர் ஒரே தம்பதியர் என்பதும் வெளியாயிற்று. ஒன்பது தாயர் என்பது பெரிதும் செய்தியாளர் படைத்த கதை. ஒரு குழந்தைக்காகத் தாயர் வழக்காடும் கதை உம்மக்க சாதகத்திலும் சாலமோன் அரசனின் வரலாற்றிலும் உள்ளது. 1967இல் ஹென்றி ஜயசேன சிங்கள மேடையேற்றிய பிறெக்றின் நாடகமும் அதனையே பொருளாகக் கொண்டது. பழங்கதையின் அச்சு உலகத்தார் உள்ளத்தில் முன்பே இருந்தமையாற் புதுத் துயரும் அவ்வச்சில் வார்க்கப்பட்டது. பெற்றோர் பட்ட ஏழு வார வேதனைக்கு ஒன்பது தாயர் என்னும் அணி தேவையில்லை. அடையாளப் பொருள்களைக் கொண்டு ஒருவரை அறியச் செய்தல் கலைத்திறங் குறைந்தது என்றார் அரித்தோட்டில். கணையாழியின் இடத்தில் இன்று மரபணு வந்துள்ளது. அது 'யார் பிள்ளை' என்பதைக் காட்டும். பிரிந்த நாட்களின் பொருளைக் காட்டாது.

விடை கிட்டாத வீடுகள் வேறொரு வாயிலை நாடின. மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்வோரிடம், மறைந்தவர் உளரோ இலரோ எனக் கேட்பது போர்க்காலத்திற் பெருகிற்று. 1990களில் அப்பகுதியிற் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பிற வாயில்கள் அடைபட்ட இடத்தில், ஊரார் முன்னிலையில், இழந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லி அழுதற்கு ஏற்ற அரங்கு அதுவொன்றே. வேலன் வெறியாட்டையும் விரிச்சி கேட்டலையும் பாடிய சான்றோர் இதன் பொருளை நன்குணர்ந்திருப்பர். துப்பறிவாளனின் விடை அறிவை நிறைவு செய்வது. வாக்குச் சொல்பவளின் விடை ஒரு வாரத்தைக் கடத்த உதவுவது. இவ்வேறுபாட்டை உணர்ந்த நாவலாசிரியனே இந்நிலத்துக்குரிய மர்மத்தை எழுதவல்லவன்.

விடை சொல்லாத கதை மர்மக் கதையாகுமா என்று ஐயுறுவோர் உளர். விடை தள்ளிப்போகுந்தோறும் வாசகன் சலிப்படைவான் என்பது அவர் வாதம். இது எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. துன்பத்தை அடுக்கிச் செல்லும் கதை உண்மையாகவே சலிப்பூட்டும். ஆயின் காத்திருக்கும் வீட்டிலே துன்பம் மட்டுமா உளது? நாளொன்றுக்கு ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கின்றது. இரவிற் படலையைச் சாத்துவதா, விடுவதா? இளைய பிள்ளையைப் பள்ளிக்குத் தனியே அனுப்பலாமா? பணங் கொடுத்தாற் செய்தி தருவேன் என வந்தவனை நம்புவதா? இருந்த வீட்டை விட்டுப் பெயர்ந்தால் திரும்பி வரும் பிள்ளை எவ்வாறு அறியும்? சைவக் குடும்பத்துக்கு இவற்றினும் கொடியதொரு வினா உண்டு. இறந்த நாள் தெரியாத பிள்ளைக்குத் திதி எது? அந்தியேட்டி செய்தால் தாமே பிள்ளையைக் கொன்றதாகும். செய்யாவிடின் அவ்வுயிர்க்குரிய கடன் கழியாது. தந்தை ஒன்றை எண்ண, தாய் மற்றொன்றை எண்ணுவாளாயின், ஒரு வீட்டுக்குள்ளேயே இரு கட்சிகள் தோன்றும். 'நீ அன்று அவனைக் கடைக்கு அனுப்பாதிருந்தால்' என்ற ஒரு சொல் எந்த இரவில் எவர் வாயிலிருந்து வெளிப்படும் என்னும் அச்சம், கொலைஞனைப் பற்றிய அச்சத்தினும் குறைந்ததன்று. அடுத்து என்ன நிகழும் என்னும் வேட்கைக்கு ஈண்டு குறைவேயில்லை.

எனவே, தேடலை நீக்குதல் வேண்டுமென்பதன்று. செவிலியும் நற்றாயும் சேர்ந்தே பாலைத்திணை நிறைவு பெற்றது. இராணுவ முகாம், காவல் நிலையம், ஆணைக்குழு, மருத்துவமனை, கோயில் என அலையும் கால்களைத் தொடரும் நாவல், மாலையில் அக்கால்களோடு வீட்டுக்கும் திரும்புதல் வேண்டும். அங்கே மூடிவைக்கப்பட்டிருக்கும் சோற்றையும் காணுதல் வேண்டும். நெடுமுடிக்கிள்ளியின் மகன் கரை சேர்ந்தான் எனப் பிற்காலத்தார் ஒரு கதை வழங்கினர். தொண்டைக் கொடியை அடையாளமாகக் கொண்டு கடல்வழி வந்த சோழன் மகனைப் பற்றி நச்சினார்க்கினியர் உரைக்கும் வரலாற்றோடு அதனை இணைத்துக் கண்டனர். முடிவு தெரியாத கதையை முடித்துவைக்க விழையும் மக்களின் இரக்கத்தினின்றும் அது பிறந்தது. சாத்தனாரோ அதனை முடித்தாரல்லர். கரையில் நின்று தேடும் தந்தையை அவ்வாறே விட்டார். மட்டக்களப்பு வாவிக்கரையில் எழவிருக்கும் நாவலுக்கு அவர் விட்ட இடமே தொடக்கமாதல் தகும்.