பதவி போன பிறகு மிஞ்சுவது

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் வரும் தெலுக் பங்லிமா காராங், நம் தலைவர்களை எடைபோடத் தோதான ஊர். தடையற்ற வாணிப மண்டலத்துத் தொழிற்சாலைகள் இங்கேயே இருக்கின்றன. பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள். பக்கத்தில் ஜெஞ்சாரோம். இதே மாவட்டத்தில்தான் கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகமும் கிடக்கிறது. லயத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் தாமான்களில் வீடு வாங்கி, பிள்ளைகளை ஆலை வேலைக்கும் கல்லூரிக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் வட்டாரம் இது. மண், காற்று, காடு, கூலி என்று ஒரு தலைவர் கைவைத்து மாற்றக்கூடிய எல்லாமே கோலா லங்காட்டில் உண்டு.

நான் கேட்பது ஒன்றுதான். தலைவர் நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு, அடுத்து வந்தவரையும் கட்டுப்படுத்தும்படி என்ன மிஞ்சியது? மரம் நடும் படமும் மேடை முழக்கமும் இந்தக் கணக்கில் சேராது.

2018 ஜனவரியில் சீனா நெகிழிக் கழிவுக்குக் கதவைச் சாத்தியது. பணக்கார நாடுகளின் குப்பை வேறு வாசல் தேடி இங்கே வந்தது. அந்த ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் மட்டும் மலேசியா இறக்கியது சுமார் 7,54,000 டன் என்று கிரீன்பீஸ் கணக்கிட்டது. ஜெஞ்சாரோமையும் அதன் சுற்றுப்புறத்தையும் உரிமம் இல்லாத ஆலைகள் பிடித்துக்கொண்டன. உருக்கிக் காசாக்க முடிந்தது போக, மிச்சத்தை இரவில் கொளுத்தினார்கள். விடியும்வரை அந்த நெடியில் மக்கள் இருமிக்கொண்டு கிடந்தார்கள்.

இங்கே முதலில் வேலை செய்தவர் அமைச்சர் அல்லர். புவா லே பெங் என்ற வேதியியல் தெரிந்த ஊர்க்காரப் பெண்ணும் அவரோடு சேர்ந்த குடியிருப்பாளர்களும்தான். எந்த ஆலை, எந்த நிலம், எப்போது புகை என்று ஊர் ஊராகப் போய்ப் பட்டியல் எடுத்தார்கள். புகாருக்கு மேல் புகார் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அலுவலகங்கள் அசையவில்லை. வெளிநாட்டு ஊடகங்கள் வந்து படம் பிடித்த பிறகே வேகம் பிறந்தது. 33 சட்டவிரோத ஆலைகள் மூடப்பட்டன, ஊரில் 17,000 டன் குப்பை கிடந்தது என்று 2019 தொடக்கத்தில் பிபிசி எழுதியது. ஆலைக்காரர் ஓடிவிட்டார், குப்பை ஓடவில்லை.

பிறகுதான் சுற்றுச்சூழலைக் கவனித்த அமைச்சர் இயோ பீ யின் வருகிறார். 2019 மே மாதம் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து காட்டி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவோம் என்று அறிவித்தார். சொன்னபடி செய்தும் காட்டினார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள், ஏறக்குறைய 3,737 டன், 13 நாடுகளுக்குத் திரும்பின. இதை வெறும் விளம்பரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சின்ன நாடு பெரிய நாடுகளைப் பார்த்து உன் குப்பையை நீயே எடுத்துக்கொள் என்று சொன்னதற்கு உலக அரங்கில் மதிப்பு இருந்தது. புவா குழுவினரின் பட்டியல் ஏதோ ஒரு மேசை இழுப்பறையிலேயே கிடந்திருக்கவும் கூடும். அதற்கு மேடை கொடுத்தது அமைச்சகம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏழு மாதத்தில் ஏழரை லட்சம் டன் வந்த நாட்டில், திரும்பிப் போனது நாலாயிரம் டன்னுக்கும் கீழே. அது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. கோலா லங்காட்டில் பூட்டப்பட்ட தொழில் கெடாவின் சுங்கைப் பட்டாணிப் பக்கம் தலைகாட்டி, அங்குள்ளவர்கள் புகைக்கு எதிராகக் குரல் எழுப்ப வேண்டியதாயிற்று. ஒரு மாவட்டத்தின் வெற்றி இன்னொரு மாவட்டத்தின் நோயானால் அதை முழு வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

2020 பிப்ரவரியில் அந்த அரசாங்கமே கவிழ்ந்தது. அமைச்சர் போனார், அமைச்சகத்தின் பெயரும் மாறியது. மிஞ்சியது எது? எல்லை தாண்டும் கழிவைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் 2019 மே மாதம் நெகிழிக் கழிவைச் சேர்த்த திருத்தம். அது 2021 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. புத்ராஜெயாவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அது கேட்கவில்லை. அந்த உடன்படிக்கையில் சேராத அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து நெகிழிக் கழிவு வரக்கூடாது என்று 2025 ஜூலை 1 முதல் மலேசியச் சுங்க ஆணை தடுக்கிறது. கொள்கலனைத் திருப்பி அனுப்பிய நாளுக்குக் கிடைத்த கைதட்டலில் பத்தில் ஒரு பங்குகூட இந்த ஆணைக்குக் கிடைக்கவில்லை. என் தராசில் இதுதான் கனம்.

இன்னொரு வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. தோட்டத்தில் மருந்து அடித்த பெண்களைப் பற்றியது. முதுகில் தொட்டியைச் சுமந்து, பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்து, நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வடிந்த நம் வீட்டு அம்மாக்கள். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. அதை விற்ற பெருநிறுவனத்தின் தாய்நாடான சுவிட்சர்லாந்து 1989இலேயே அதைத் தடைசெய்துவிட்டது. குப்பையும் விஷமும் ஒரே பாதையில்தான் இங்கே வந்திருக்கின்றன: அங்கே ஆகாதது இங்கே ஆகும் என்ற கணக்கில்.

தெனாகானித்தா என்ற அமைப்பைத் தொடங்கிய ஐரின் பெர்னாண்டஸ், தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவர். அவருடைய அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்புக் கூட்டமைப்பும் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாகச் சொன்னது. 2006இல் தோட்டத்துறையின் நெருக்குதலில் அந்த முடிவு தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல். இடையில் புலம்பெயர் தொழிலாளர்களின் தடுப்பு முகாம் நிலையை வெளியிட்டதற்காக ஐரினுக்கு 2003இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; 2008இல்தான் மேல்முறையீட்டில் விடுதலையானார். 2014 மார்ச்சில் இறந்துவிட்டார். தடையைப் பார்க்க அவர் இல்லை. எந்தப் பதவியும் இல்லாதவர் தொடங்கிய வேலை, அவர் மறைந்து ஆறாம் ஆண்டில் சட்டமானது.

இதிலும் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. பதினெட்டு ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. தடை வந்தபோது மருந்துத் தொட்டியைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். நம் அம்மாக்களுக்கு அது வெகுநாள் பிந்திய நீதி.

பெருநிறுவனத் தலைமையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கேரித் தீவில் தோட்டம் வைத்திருக்கும், அன்று சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம், நிலைத்த செம்பனை எண்ணெய் பற்றி உலகமெங்கும் பேசியது. 2020 டிசம்பரில் அதன் எண்ணெயை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில், அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்திவைத்தது. வேலைக்கு வரத் தரகருக்குக் கட்டிய பணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பித் தர நிறுவனம் 8 கோடி ரிங்கிட்டுக்கு மேல் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. நல்ல முடிவுதான். ஆனால் அதைக் கொண்டுவந்தது ஆண்டறிக்கையின் பளபளப்பு அல்ல, மூடப்பட்ட துறைமுகம்.

கடைசியாகக் காடு. கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகம், தெமுவான் பூர்வகுடிகளின் வாழ்விடத்தை ஒட்டிய கரிச்சதுப்புக் காடு. 2020 பிப்ரவரியில் அதில் சுமார் 930 ஹெக்டரைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கி மேம்பாட்டுக்குக் கொடுக்க சிலாங்கூர் திட்டமிட்டது. மக்கள் ஆயிரக்கணக்கில் ஆட்சேபக் கடிதம் எழுதினார்கள். காட்டைக் காக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானமும் போட்டது. அதற்குப் பிறகும் 2021 மே மாதத்தில் 536 ஹெக்டருக்கு மேல் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது ஆகஸ்டு இறுதியில் வெளியானது. கூச்சல் எழுந்தபின், செப்டம்பர் 8இல் மந்திரி புசார் அமிருடின் ஷாரி நீக்கத்தை ரத்துசெய்வதாக அறிவித்தார். செய்த தவற்றைத் திருத்திக்கொண்டதற்கு அவருக்குப் பாதி மதிப்பெண் தரலாம். மீதிப் பாதி, கடிதம் எழுதியவர்களுக்கும் தெமுவான் கிராமத்தாருக்கும் சேர வேண்டியது. 2022இல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, காப்பகத்தை நீக்குமுன் பொது விசாரணையும் மாற்று நிலமும் வேண்டும் என்று ஆக்கியது.

தமிழ் வாசகர் கேட்பார்: நம்மவர் எங்கே? இருந்தார். 2018 முதல் 2022 வரை கோலா லங்காட் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் சேவியர் ஜெயக்குமார். அதில் ஏறக்குறைய இருபது மாதம் நீர், நிலம், இயற்கை வள அமைச்சரும் அவரே. காடும் நிலமும் மாநில அதிகாரம் என்பதால் கூட்டரசு அமைச்சரின் கை குட்டை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொந்தத் தொகுதியில் குப்பையும் காடும் எரிந்துகொண்டிருந்த காலத்தில், சட்டமாக நின்றுபோன ஏதேனும் ஒன்றில் அவர் பெயர் பதிந்திருக்கிறதா என்று தேடினால் எனக்குக் கிடைக்கவில்லை. 2021 மார்ச்சில் கட்சியை விட்டு விலகினார். 2022 தேர்தலில் தொகுதி பாஸ் கட்சிக்குப் போனது. நம் தலைவர்களைக் கோயில் மானியக் காசோலையை வைத்தே அளந்து பழகிவிட்டோம். அதனால் அவர்களும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

என் தீர்ப்பு இதுதான். கோலா லங்காட்டில் மாற்றத்தைத் தொடங்கியவர்கள் பதவியில்லாமல் பட்டியல் எடுத்தவர்களும், பெண்களின் நோயை எழுதிவைத்தவர்களும். அதற்கு வெளிச்சம் போட்ட இயோ பீ யின் தேறுகிறார், முதல் வகுப்பில் அல்ல. அமிருடின் எல்லையில் நிற்கிறார். ஐரினுக்கும் புவாவுக்கும் முதலிடம். அடுத்த தேர்தலில் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியானாலும், கோயிலுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்குமுன், எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.