குங்குமப் பொட்டிட்ட அந்து
விட்டிற்பூச்சி என்றாலே விளக்கில் விழுந்து மடியும் சாம்பல் நிறப் பிராணியே ஞாபகத்துக்கு வரும். 1758-ல் இயற்கையியலாளர் லின்னேயஸ் ‘சின்ன அழகி’ என்று பொருள்பட ‘புல்கெல்லா’ என நாமகரணம் செய்த அந்துப்பூச்சியோ, பட்டப்பகலிலேயே புற்களினூடே பறந்து திரிவது. சிறகை மடித்துத் தேள்கொடுக்குச் செடியில் அது அமர்ந்திருக்கையில் குனிந்து பார்த்தால், வெண்பட்டிலே குங்குமப் பொட்டுகளும் அவற்றினிடையே மைப் புள்ளிகளும் வைத்தாற்போலிருக்கும். எழுந்து பறக்கும் கணத்தில் மட்டும், கோணல்மாணலாகக் கத்தரித்த கறுப்புக் கரையுடன் பின்சிறகு தெரியும், எனக்கென்னவோ அந்தக் கோணலே விசேஷம். புழுப்பருவத்தில் தின்ற செடியின் விஷம் தேகத்தில் தங்கியிருப்பதால், ஒளிந்து வாழும் அவசியம் அதற்கில்லை. சிறகை விரித்தாலும் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் இந்த ஜீவன், ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, மேற்காசியா, நம் பாரத தேசம் எனப் பரந்து வசிப்பது போதாதென்று, சில வருஷங்களில் கடல் தாண்டி இங்கிலாந்தின் தென்கரையிலும் போய் இறங்கிவிடுகிறது.