வில்லை தேய்ப்பவனின் இடம்: பிரெக்டின் ‘கலிலியோவின் வாழ்க்கை’ நாடகமும் ஆய்வுக் குழு பற்றிய பிரச்சினையும்

அறிவியல் ஆய்வுக்கு நிதி கோரும் விண்ணப்பங்களில் ஆய்வுக் குழுவின் அமைப்பு இன்று முதன்மையானதோர் இடத்தைப் பெறுகின்றது. தலைமை ஆய்வாளர், இணை ஆய்வாளர், ஆலோசகர் என்ற வரிசையில் பெயர்களும் தகைமைகளும் அடுக்கப்படுகின்றன. கருவிகளை இயக்குவோரும் தரவுகளைத் திரட்டுவோருமோ பெரும்பாலும் செலவுப் பட்டியலிலேயே, அதுவும் பெயரின்றி, இடம்பெறுவர். இது வெறும் நிர்வாக நடைமுறையன்று. அறிவை உற்பத்தி செய்பவர் யார் என்பது பற்றிய ஒரு கருத்துநிலை இதனுள் அடங்கியுள்ளது. அக்கருத்துநிலையைக் கலை வடிவில் விசாரணைக்கு உட்படுத்தியமையாலேயே, 1938-39இல் டென்மார்க்கில் புகலிடம் பெற்றிருந்த பேர்டோல்ட் பிரெக்ட் எழுதிய ‘கலிலியோவின் வாழ்க்கை’ இங்கு நோக்கத்தக்கதாகின்றது.

நாடகம் பணப் பிரச்சினையுடனேயே தொடங்குகின்றது. ஊதிய உயர்வு கோரும் கலிலியோ, பிறநாட்டில் உருவான தொலைநோக்கியைத் தன் கண்டுபிடிப்பாக வெனிஸ் அரசுக்கு அளிக்கிறான். பின்னர் புளோரன்ஸ் அரசவையின் ஆதரவை நாடிப் பணிவு மிகுந்த மடல் வரைகிறான். வரலாற்றிலும், 1610இல் வியாழனின் நான்கு துணைக்கோள்களுக்கு மெடிசி குடும்பத்தின் பெயரைச் சூட்டியே அவன் அவ்வரசவையிற் பதவி பெற்றான். நிதி வழங்குவோரின் விருப்பத்தை முன்கூட்டியே கணித்து எழுதும் மரபு நெடிய வரலாறுடையது என்பதற்கு இதுவே சான்று.

ஆயின் பிரெக்டின் தனித்துவம் கலிலியோவைச் சுற்றி அவர் அமைக்கும் குழுவிலே புலப்படுகின்றது. வீட்டுப் பணிப்பெண்ணின் மகன் அந்திரேயா, குடியானவர் குடும்பத்திற் பிறந்த சின்னத் துறவி, வில்லை தேய்க்கும் தொழிலாளி பெடெர்சோனி ஆகியோரே அக்குழுவினர். 1599 முதல் பாதுவாவில் கலிலியோவுக்குக் கருவிகள் செய்துகொடுத்த மார்க்கந்தோனியோ மத்சொலேனி போன்ற கைவினைஞரின் உழைப்பை வரலாற்று நூல்கள் அடிக்குறிப்பில் ஒதுக்கின. பிரெக்டோ அத்தகைய உழைப்பை மேடைக்குக் கொணர்ந்தார். அரசவை அறிஞர் இலத்தீனில் விவாதிக்க முற்படுகையில், பெடெர்சோனிக்கு அம்மொழி தெரியாது எனக் கூறி மக்கள் மொழியிலே பேசுமாறு கலிலியோ கோருகிறான். விவாதத்தின் நயம் கெட்டுவிடும் என்பதே அறிஞரின் கவலை. மொழிப் பிரச்சினையாகத் தோன்றும் இது உண்மையில் வர்க்கப் பிரச்சினையாகும்.

1633ஆம் ஆண்டின் கொள்கை மறுப்பை ஒரு தனிமனிதனின் ஒழுக்க வீழ்ச்சியாக மட்டும் காண்பது விமர்சகர் சிலரது வழக்கம். நாடகம் காட்டும் விளைவு வேறானது. குழு சிதறுகின்றது. சின்னத் துறவி ஆய்வைக் கைவிட்டுத் திருச்சபைக்குத் திரும்புகிறான். பெடெர்சோனி மிலானில் ஒரு கடையில் மீண்டும் வில்லை தேய்க்கிறான். கலிலியோ இரகசியமாக எழுதிய நூலை அந்திரேயா எல்லை கடத்துகிறான். நூல் தப்பிவிட்டது; அதை ஆக்கும் சமூக உறவு அழிந்துவிட்டது. இதுவே நாடகத்தின் உண்மையான அவலம் எனலாம்.

எனினும் கூட்டுமுயற்சி என்பதனாலேயே ஒன்று முற்போக்கானதாகிவிடாது. 1945இல் ஹிரோஷிமாவை அழித்த குண்டும் மாபெரும் ஆய்வுக் குழுவொன்றின் விளைவே. அதன் பின்னரே பிரெக்ட், நடிகர் சார்ள்ஸ் லோட்டனுடன் இணைந்து ஆக்கிய வடிவத்தில், கலிலியோ மீதான தீர்ப்பைக் கடுமையாக்கினார். ஆய்வின் நோக்கத்தைத் தீர்மானிக்கும் உரிமை குழுவினருக்கு இல்லாதவிடத்து ஒத்துழைப்பு என்பது கூலிக்கு ஆள் சேர்த்தலே.

பிரெக்டும் இம்முரண்பாட்டிலிருந்து முற்றாக விடுபட்டவரல்லர். டென்மார்க்கில் இந்நாடக ஆக்கத்தில் அவருடன் உழைத்த மார்கரேட் ஸ்டெஃபின், 1941இல் மொஸ்கோவில் காசநோயால் மறைந்த தொழிலாளர் குலப் பெண். நூலின் முகப்பில் நிலைத்தது பிரெக்டின் பெயரே. பெடெர்சோனிக்கு மேடையில் இடம் அளித்த படைப்பு, தன் சொந்தப் பெடெர்சோனியைத் துணைப் பெயராகவே விட்டுவைத்தது. இதனால் நாடகத்தின் பெறுமதி குறைந்துவிடவில்லை. அது எழுப்பும் வினா அதனை எழுதியவரையும் சாரும் என்பதே உண்மை.

எனவே ஆய்வுக் குழுவொன்றை அமைப்போர் முதலிற் கேட்கவேண்டிய வினா, எத்தனை துறையினர் சேர்ந்துள்ளனர் என்பதன்று. வில்லை தேய்ப்பவனுக்கு விளங்கும் மொழியில் விவாதம் நடைபெறுமா என்பதேயாகும்.