களரியில் கூலிக்காரன்

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தெருக்கூத்து ஜமாவின் வாத்தியாரிடம் வெற்றிலை பாக்கு வைத்துத் தேதி கேட்டால், அவர் முதலில் கரும்பைப் பற்றித்தான் பேசுவார். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் அரைவை முடிகிற வரைக்கும் துரியோதனன் வேஷக்காரர் வெட்டுக் கூலிக்குப் போயிருப்பார். மத்தளக்காரர் கொத்தனாருக்குச் சித்தாளாக வெளியூரில் இருப்பார். பங்குனி பிறந்து திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறினால்தான் கூத்துப் பெட்டி திறக்கும். பாணிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அடவையும் கிரீடத்தையும் அளக்கிறார்கள். ஆடுகிறவன் பகலில் என்ன வேலைக்குப் போகிறான் என்பதை விட்டுவிடுகிறார்கள். தெருக்கூத்தின் தரத்தைப் பேச வேண்டுமானால் அங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் எண்ணம்.

கூத்தில் பாணி என்றால் திசை. செய்யாறு, காஞ்சிபுரம் பக்கம் வடக்கத்திப் பாணி. விழுப்புரம், கடலூர் பக்கம் தெற்கத்திப் பாணி. சேலம், தருமபுரிப் பக்கத்து ஆட்டம் இவை இரண்டிலும் சேராமல் தனியாக நிற்கும். கிரீடத்தின் அகலம், பாவாடையின் விரிவு, கிர்க்கி சுற்றும் வேகம், பின்பாட்டு ஏறி நிற்கும் சுருதி என்று தேர்ந்த கண்ணும் காதும் கால்மணி நேரத்தில் இன்ன பாணி என்று சொல்லிவிடும். கள்ளக்குறிச்சி இந்தத் திசைகள் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகும் பாணிக்கு எல்லைக்கல் நடப்படவில்லை. திருக்கோவிலூர்ப் பக்கத்தில் ஒன்று, சின்னசேலத்தைத் தாண்டினால் வேறொன்று. கலப்பு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. ஆனால் கோயிலுக்குச் செதுக்குகிற மரம் கூத்துக்கு ஆகாது. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில்தான் செய்வார்கள். விடிய விடிய தலையிலும் தோளிலும் சுமக்க வேண்டுமே.

பாணிகளைக் காத்ததிலும் புதுக்கியதிலும் இரண்டு ஊர்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று புரிசை. அங்கே நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்த பிறகு ந. முத்துசாமிக்கு நவீன நாடகம் பற்றிய எண்ணமே மாறியது. 1977இல் அவர் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கும், கூத்தைப் பற்றி அவர் எழுதிய ‘அன்று பூட்டிய வண்டி’க்கும் வேர் அங்கேதான். இன்னொன்று பெருங்கட்டூர். அங்கிருந்து வந்த பெ. ராஜகோபால், ஆய்வாளர் ஹன்னே டி பிருயினுடன் சேர்ந்து, 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தை வளர்த்தெடுத்தார். 2002இல் தொடங்கிய அவர்களுடைய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் படித்த பெண் பிள்ளைகள் மேடையேறினார்கள். ஆண்களே ஸ்திரீபார்ட் போட்டுவந்த கலையில் இது சின்ன விஷயமில்லை. 2020இல் குருகுலம் மூடப்பட்டது பெரிய இழப்பு.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். உழைப்பாளியின் வாழ்க்கையைப் பூசி மெழுகாமல் மேடையேற்றுவது மேற்கிலும் சுலபமாக வந்ததில்லை. 1892இல் ஜெர்மன் நாடகாசிரியர் ஹாப்ட்மன் எழுதிய ‘நெசவாளர்கள்’ நாடகத்தைப் பெர்லின் போலீஸ் தடை செய்தது. இங்கிலாந்தின் வடக்கே மான்செஸ்டரில் ஆனி ஹார்னிமன் 1908இல் கெயிட்டி அரங்கை வாங்கி அந்த வட்டாரத்து எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்தார். அவருடைய குழு 1912இல் போட்ட ஸ்டான்லி ஹௌட்டனின் ‘ஹிண்டில் வேக்ஸ்’ நாடகத்தில், ஆலை முதலாளி மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாள் ஒரு தறிக்காரப் பெண். அதையும் தன் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறாள். லண்டன் மேடைக்கு அந்தப் பேச்சு புதிது.

நம் கூத்துக் களரிக்கு அது புதிதில்லை. ராஜா செந்தமிழ் வசனம் பேசுவார். திரைக்குப் பின்னிருந்து விருத்தம் பாடி வருவார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனோ ஊர்ப் பேச்சில் அவரை மறித்து, எங்கே போகிறீர், யாரைக் கேட்டுப் போகிறீர் என்பான். நூறு நாள் வேலைச் சம்பளம் ஏன் இன்னும் வரவில்லை என்று அஸ்தினாபுரத்து ராஜாவிடமே கேட்பான். ராஜா முழிப்பார், ஜனம் சிரிக்கும். வாசகமும் விருத்தமும் ஏட்டில் இருக்கின்றன. கட்டியக்காரன் பேச்சு எந்த ஏட்டிலும் இல்லை. அன்றைக்கு அந்த ஊரில் என்ன நடந்ததோ அதுதான் அவனுக்குப் பாடம். கூத்தில் கூலிக்காரனின் இடம் எது என்று கேட்டால், ஆதியிலிருந்தே இதுதான்.

ஆகவே புது நாடகம் கூத்துக்குள் வரும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கட்டியக்காரனுக்கு அதில் வேலை இருக்கிறதா? பிரெக்டின் ‘காக்கேசிய வெண்கட்டி வட்டம்’ புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் வழியாக ‘வெள்ளை வட்டம்’ ஆனது. அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. பெற்றவள் கைவிட்ட பிள்ளையை வளர்க்கும் வேலைக்காரி நம் ஜனத்துக்கு அந்நியமில்லை. நீதிபதி நாற்காலியில் குந்திக் கொண்டு பணக்காரனை எகத்தாளம் செய்யும் அஸ்தாக், வேஷம் மாறிய கட்டியக்காரனேதான். தருவும் விருத்தமும் அடவும் அங்கே ஒட்டவைத்தவையாகத் தெரியவில்லை.

வீதி நாடகத்தின் வழி வேறு. 1978இல் தில்லியில் ஜன நாட்டிய மஞ்ச் போட்ட ‘மெஷின்’, சைக்கிள் நிறுத்த இடமும் கேன்டீனும் கேட்டதற்காகச் சுடப்பட்ட காசியாபாத் தொழிலாளர்களின் கதை. நேரம் கால்மணிக்கும் குறைவு. அந்தக் குழுவின் சப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி 1 அன்று, தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். 1984இல் பிரளயன் தொடங்கிய சென்னைக் கலைக் குழு நம் பக்கத்தில் அந்த வழியில் வந்தது. ஆலை வாசலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அது பொருந்தும். பந்தலில் பாய் விரித்து விடிய விடிய உட்காரும் ஜனத்துக்குக் கால்மணி நேரம் போதாது. அவர்கள் அழவும் வேண்டும்.

அழுகைக்கு இந்த மாவட்டத்தில் குறைவில்லை. கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்கள் 1976 வரை நடந்தன. மலையாளிப் பழங்குடிகள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் வெள்ளிமலைப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். வடக்கு மாவட்டங்களின் மலைகளிலிருந்து ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போன தமிழர்களில் 20 பேர் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் போலீஸால் சுடப்பட்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்.

இவற்றைக் கூத்தாக்கலாமா? ஆக்கிவிட்டோம் என்பார்கள் சிலர். மது ஒழிப்பு, எய்ட்ஸ், கழிப்பறை, வாக்குரிமை என்று விழிப்புணர்வுக் கூத்துகள் வருஷாவருஷம் நடக்கின்றன. கலைஞனுக்கு நாலு காசு கிடைக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றில் கட்டியக்காரன் வாயில் எழுதிக் கொடுத்த வாசகம் இருக்கிறது. குடிக்காதே என்று குடித்துச் செத்தவன் பெண்டாட்டிக்கே புத்தி சொல்கிறான். சாராயம் எங்கிருந்து வந்தது, யாருக்குத் தெரிந்து வந்தது என்று மட்டும் கேட்க மாட்டான். அதைக் கேட்காதவனுக்கு எதற்குக் கோமாளிக் குல்லா? தாளம் தப்பினால் வாத்தியார் திட்டுவார். இந்தத் தப்புக்கு யாரும் திட்டுவதில்லை. இதுதான் பெரிய தப்பு.

கூத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் பாரதத்து அரவானுக்குத் தேர். அவன் உருவத்தின் உறுப்புகள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து சேர்கின்றன. திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிறார்கள். யாரோ ஜெயிக்க வேண்டிய சண்டைக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட களப்பலி அவன். கடத்தல்காரன் ஜெயிக்கக் காட்டுக்குள் போன மலைக்காரனை இந்தக் களரியில் வைத்தால் ஜனத்துக்கு விளக்கம் தேவைப்படாது. பலிக்கு நாள் குறித்தவன் யார் என்பதை மட்டும் கட்டியக்காரன் கேட்டால் போதும். பாரதப் போர் முடியும் படுகளத்தில் பெண்கள் வைக்கும் ஒப்பாரிக்கு அரசாங்க வாசகமும் தேவையில்லை, நகரத்து இயக்குநரும் தேவையில்லை.

கூத்துக்குள் வரும் புது நாடகங்களைக் கலை விழாக்களில் மாலை ஆறு மணிக்கு, பிரமுகர்கள் பேசி முடித்த மிச்ச நேரத்தில் முக்கால் மணி நேரமாகச் சுருக்கிப் போடுகிறார்கள். முகவீணைக்காரரை விட்டுவிட்டு ஒலிப்பதிவை ஓட்டிய மேடையையும் பார்த்தாயிற்று. விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது நாடகத்தை இரவு இரண்டு மணிக்கு, விடிகாலைப் படுகளத்துக்கு முன்னால், முழு ஜமாவோடு வையுங்கள். அந்நேரத்தில் பிரமுகர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பாயில் இருப்பவர்கள் கரும்பு வெட்டுகிறவர்களும் சித்தாள்களும் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்த லாரிக் கிளீனர்களும்தான். ஆட்டம் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். பிடித்தால் அடுத்த ஆடிக்கு அவர்களே வெற்றிலை பாக்கோடு வாத்தியார் வீட்டு வாசலில் நிற்பார்கள்.